வெளிநாடு போய்வந்த கோ டீச்சருக்கு எத்தனை கல் பலம் கூடியது?

பிப்ரவரி 3, வாசகர் கேள்வி

கோ விளையாட்டு சொல்லித் தரும் நீங்கள் டோக்கியோ, சியோல், ஐரோப்பா என்று போய் வந்திருக்கிறீர்கள். இன்று ஒரு மடிக்கணினி இருந்தால் போதும், உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரைவிடப் பலமான நிரல் வீட்டிலேயே கிடைக்கிறது. இணையத்தில் எந்த நேரமும் எந்த நாட்டுக்காரரோடும் ஆடலாம். அப்படியிருக்க, இந்தப் பயணங்களால் உங்கள் ஆட்டம் எத்தனை கல் கூடியது? கூடவில்லை என்றால் அது ஊர் சுற்றல்தானே? தவறாக நினைக்க வேண்டாம். என் மகள் கோ கற்கிறாள், அவளை ஒருமுறை அனுப்பலாமா என்ற யோசனையில் கேட்கிறேன்.

பிப்ரவரி 3, இரவு

ஒரு கல்கூடக் கூடவில்லை. முதல் முறை கிளம்பியபோது அமெச்சூர் 3 டான், இன்றைக்கும் 3 டான். (புதியவர்களுக்கு: டான் என்பது ஆட்டக்காரரின் தர நிலை. இரண்டு பேருக்கு நடுவே உள்ள பலத்தின் வித்தியாசத்தை நாங்கள் கல்லால் அளப்போம். பலம் குறைந்தவர் இரண்டு கல்லோ நான்கு கல்லோ, வழக்கமாக ஒன்பது கல் வரைக்கும், முன்கூட்டியே பலகையில் வைத்துக்கொண்டு ஆடுவார்.)

ஆனால் சொல்லித் தரும் விதம் மாறிவிட்டது. எந்த இடத்தில் மாறியது என்றுகூடச் சொல்ல முடியும்.

டோக்கியோவில் இச்சிகாயா ரயில் நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் நிஹோன் கி-இன் கட்டடம். 1924-ல் தொடங்கிய ஜப்பான் கோ சங்கம் அது. நிலையத்தை ஒட்டியே ஒரு மீன்பிடி குளம் இருக்கிறது. தூண்டிலைப் போட்டுவிட்டு ஆட்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பது ரயிலில் இருந்தே தெரியும். சங்கத்தில் பொதுமக்கள் ஆடும் கூடத்துக்குப் போனால் அங்கேயும் அதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு எதிரே வந்தவர் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். குனிந்து, ஆட்டம் தொடங்கும்போது சொல்லும் ‘ஒனெகாய்ஷிமாசு’ என்றார், நானும் சொன்னேன். நூற்றைம்பது கல் விழுவதற்குள் தோற்றுவிட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். அவர் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டத்தைப் பின்னால் கொண்டுபோனார். நாற்பதாவது கல் பக்கம் வந்ததும் நிறுத்தி, நான் வைத்திருந்த வெள்ளைக் கல்லைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு ஜப்பானிய மொழியில் பத்து வார்த்தை தெரியும், அவருக்கு வேறு மொழி தெரியாது. நான் அந்தக் கல்லை எடுத்து வேறொரு இடத்தில் வைத்தேன். அவர் பதில் வைத்தார், என் யோசனை உடைந்தது. கற்களை எடுத்துவிட்டு மறுபடி என்னைப் பார்த்தார். இன்னொரு இடம், அதுவும் உடைந்தது. பத்து நிமிடம் இப்படியே போனது. சரியான இடம் அவருக்குத் தெரியும், ஆனால் அவர் கை ஒருமுறைகூட அந்தப் பக்கம் போகவில்லை. ஆறாவதோ ஏழாவதோ முயற்சியில் நானே அங்கே வைத்தேன். ‘ஹாய்’ (ஆமாம்) என்று தலையாட்டிவிட்டு, கற்களை அள்ளிக் கிண்ணத்தில் போட்டு மூடினார்.

அதுவரை என் வகுப்பில் ஒரு குழந்தை தப்பாக வைத்தால் மூன்று வினாடிக்குள் சரியான இடத்தில் என் விரல் இருக்கும். நல்ல டீச்சருக்கு அந்தச் சுறுசுறுப்பு வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 4

கோ என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். குறுக்கே 19 கோடு, நெடுக்கே 19 கோடு. கல்லைக் கட்டத்துக்குள் வைப்பதில்லை, கோடுகள் வெட்டும் புள்ளியில் வைக்கிறோம். மொத்தம் 361 புள்ளி. கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என மாற்றி மாற்றி. வைத்த கல் நகராது. கல்லை ஒட்டிக் காலியாக இருக்கும் புள்ளிகளை வகுப்பில் ‘மூச்சு’ என்பேன். மூச்சு எல்லாவற்றையும் எதிரி அடைத்துவிட்டால் கல் பலகையை விட்டுப் போகும். ஒரே ஒரு மூச்சு மிச்சம் இருந்தால் அது அட்டாரி. ஒரு கூட்டத்துக்கு உள்ளேயே எதிரி அடைக்க முடியாத ஓட்டை இரண்டு இருந்தால் அதை யாராலும் பிடிக்க முடியாது. அந்த ஓட்டைக்குக் ‘கண்’ என்று பெயர். கடைசியில் அதிக இடத்தை வளைத்தவர் ஜெயித்தவர். சீனாவில் வெய்ச்சி, கொரியாவில் பாதுக், ஜப்பானில் இகோ.

ஒரு மாணவி முதல் நாளே கேட்டாள்: ‘டீச்சர், கோன்னா ராஜாதானே? இதுல ராஜா எங்கே?’ இதில் ராஜா கிடையாது, எல்லாக் கல்லும் சமம் என்றேன். ‘அப்ப எல்லாருமே ராஜா’ என்று அவளே முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அவள் பதிலைத்தான் சொல்கிறேன்.

பிப்ரவரி 6

வீட்டில் நாள் எப்படிப் போகும் என்று கேட்டவருக்கு.

காலையில் இணைய வகுப்பு இரண்டு. அப்புறம் வீட்டு வேலை, முந்தைய நாள் ஆட்டங்களைப் பார்த்துக் குறிப்பு எழுதுவது. பள்ளி விட்டதும் ஒன்பது குழந்தைகள் வருவார்கள். எட்டுப் பேர் நாலு பலகையில், மிச்சம் இருப்பவர் என்னோடு. அம்மா ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருப்பார். சண்டை வந்தால் மட்டும் நிமிர்ந்து பார்ப்பார், சண்டை நின்றுவிடும்.

எல்லோரும் போனபிறகு கல் எண்ண வேண்டும். ஒரு முழு ஜோடியில் கறுப்பு 181, வெள்ளை 180. ஒவ்வொன்றாக எண்ணுவது கிடையாது. கறுப்பைப் பலகையிலேயே வரிசையாக அடுக்கிக்கொண்டு போனால் ஒன்பது வரி நிறைந்து, பத்தாவது வரியில் பத்துக் கல் நிற்கும். வெள்ளை மிச்ச இடத்தை நிரப்பும். ஒரு புள்ளி காலியில்லாமல் பலகை முழுதும் மூடிவிட்டால் கணக்கு சரி. எங்களுடையது கண்ணாடிக் கல், எல்லாம் ஒரே அளவு, ஒரே எடை. கோ கற்கள் எங்கே செய்தாலும் அப்படித்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, பழைய துணியில் பரப்பிக் காயவிட்டால் போதும்.

எனக்கு இந்த வேலை பிடிக்கும். நாள் முழுக்கப் பேசிய வாய் அப்போதுதான் சும்மா இருக்கும்.

இன்றைக்குப் பத்தாவது வரியில் ஒன்பதுதான் இருக்கிறது. ஒரு கறுப்பைக் காணோம்.

பிப்ரவரி 7

கிடைத்துவிட்டது. என் மகனின் செருப்புக்குள். எப்படிப் போனது என்று ஒன்பது பேருக்கும் தெரியாதாம்.

பிப்ரவரி 8

‘கற்கள் எங்கே செய்தாலும் ஒரே அளவு’ என்று எழுதியது தப்பு, இரண்டு பேர் பிடித்துவிட்டார்கள், நன்றி. ஜப்பானில் சிரத்தையாகச் செய்யும் ஜோடியில் கறுப்புக் கல் வெள்ளையைவிட ஒரு மயிரிழை பெரிது, குறுக்களவில் 0.3 மில்லிமீட்டர். வெள்ளை கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் என்பதால் அந்த ஈடு. வெள்ளையைச் சிப்பியில் அறுக்கிறார்கள், கறுப்பு நாச்சி பகுதியின் கருங்கல். சீனாவில் யுன்னான் மாகாணத்துக் கற்கள் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். வைத்தால் உருளாது, ஆட்டத்தை ஆராயும்போது கவிழ்த்து வைத்து அடையாளம் காட்டலாம்.

பலகையும் சதுரம் கிடையாது. ஜப்பானியப் பலகை சுமார் 45 சென்டிமீட்டர் நீளம், 42 அகலம். உட்கார்ந்து சாய்வாகப் பார்க்கும்போது சதுரமாகத் தெரியட்டும் என்று அப்படி. பல வருடம் சொல்லிக் கொடுத்த பிறகு, ஒரு தச்சர் அளவுகோலை வைத்துக் காட்டித்தான் எனக்கு இது தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் குழந்தைகள் கையில் அளவுகோலைக் கொடுத்தேன். அன்றைக்கு ஆட்டமே நடக்கவில்லை.

பிப்ரவரி 10

கணினியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் நழுவிவிட்டேன் என்கிறார் ஒருவர். நழுவவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன்.

2016 மார்ச்சில் சியோலில் கொரியாவின் தலைசிறந்த ஆட்டக்காரர் லீ சேடோலை ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல் 4-1 என்று ஜெயித்ததை வீட்டில் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்த்தோம். இரண்டாம் ஆட்டத்தின் 37-வது கல் ஓரத்திலிருந்து ஐந்தாவது கோட்டில் விழுந்தபோது நான் ‘தப்பு’ என்று சத்தமாகவே சொன்னேன். வர்ணனை செய்த தொழில்முறை ஆட்டக்காரர்களும் திகைத்துத்தான் போனார்கள். நாலாம் ஆட்டத்தில் லீ சேடோல் 78-வது கல்லை இடுக்கில் செருகி அந்த ஆட்டத்தைத் திருப்பியபோது என் மகன் எழுந்து குதித்தான். 2019-ல் அவர் தொழில்முறை ஆட்டத்தை விட்டு விலகினார்.

இப்போது எங்கள் வீட்டிலும் கட்டாகோ என்ற கோ நிரல் ஓடுகிறது. திரையில் சிறந்த இடத்தில் ஒரு நீலப் புள்ளி வரும். குழந்தைகள் அந்தப் புள்ளியைப் பார்த்ததும் ‘ஓ’ என்பார்கள், அடுத்த கல்லுக்குப் போய்விடுவார்கள். அந்த ‘ஓ’தான் எனக்குப் பயம். பெரியவர் எனக்குக் கொடுத்த பத்து நிமிடம் அதில் போய்விடுகிறது. அதனால் ஒரு ஏற்பாடு: திரையைத் திறக்கும் முன் மூன்று இடத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும், எதற்கு என்று சொல்லவும் வேண்டும். அதற்கு அப்புறம்தான் நீலப் புள்ளி.

பிப்ரவரி 11

நேற்று எழுதியதைப் படித்தால் கணினிமேல் கோபம் இருப்பதுபோல இருக்கிறது. இணைய வகுப்புக்கு வரும் ஒரு பெண்ணுக்கு, அவள் இருக்கும் இடத்தில் பலகை எதிரே உட்கார ஒரு ஆள் கிடையாது. தன் ஆட்டத்தில் எங்கே சறுக்கினோம் என்று அவளுக்கு நடு ராத்திரியில் சொல்வது அந்த நீலப் புள்ளிதான். அவளிடம் போய் நான் எதையும் குறை சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 13

சியோல். குழந்தைகளுக்கான பாதுக் வகுப்பு ஒன்றில் ஒரு வாரம் பின்வரிசையில் உட்கார அனுமதி கிடைத்தது. நுழைந்ததும் காதில் விழுந்தது சத்தம்தான். கல் பலகையில் படும் ‘டக்’, முப்பது குழந்தைகள் ஒரே நேரத்தில், மழை மாதிரி. ஆட்டத்துக்கு முன்னால் ஆளுக்கொரு தாள், தாள் நிறைய வாழ்வா சாவா கணக்குகள்: இந்தக் கூட்டத்துக்கு இரண்டு கண் கிடைக்குமா, கிடைக்காதா? பென்சிலால் புள்ளி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

எட்டு வயதுப் பையன் ஒருவனோடு என்னை உட்கார வைத்தார்கள். நான் ஒரு கல்லுக்கு ஒரு நிமிடம் எடுத்தேன். அவன் எடுத்தது இரண்டு மூச்சு. நடுவில் அவன் தன் ஆசிரியரிடம் மெல்லிய குரலில் என்னவோ கேட்டான், அவர் சிரித்துவிட்டார். ‘இவங்களுக்கு உடம்பு சரியில்லையா’ என்று கேட்டானாம், நான் அவ்வளவு நேரம் எடுத்ததால். அவ்வளவு அக்கறையாக யாரும் என்னைத் தோற்கடித்ததில்லை.

திரும்பி வந்ததும் அந்தத் தாளை அப்படியே எங்கள் வீட்டில் கொண்டுவந்தேன். தினமும் முப்பது கணக்கு. இரண்டு மாதத்தில் இரண்டு குழந்தைகள் நின்றுவிட்டார்கள். ஒருத்தியின் அப்பா வந்து, ‘முன்னாடி உங்க வீட்டுக்கு வர்றதுன்னா ஓடி வருவா, டீச்சர்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இன்று நினைத்தாலும் வலிக்கிறது. அந்த வகுப்பில் தாளைச் சுற்றி இருந்த மற்றதை நான் பார்க்கவில்லை. கூட முப்பது பேர், வகுப்பு முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் ஆடிக்கொண்டிருந்த அண்ணன் அக்காக்கள், அந்த மழைச் சத்தம். தாளை மட்டும் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது ஆறு கணக்குதான், இரண்டு பேராகச் சேர்ந்து போடலாம். நின்றவர்களில் ஒருத்தி திரும்பி வந்தாள்.

பிப்ரவரி 16

வீட்டிலேயே வகுப்பு வைப்பது சரிதானா, தனியாக இடம் பார்க்கக் கூடாதா என்று கேள்வி. எங்கள் ஆட்டத்தின் பெரிய பள்ளிக்கூடமே ஒரு வீடுதான். ஜப்பானிய ஆட்டக்காரர் கிதானி மினோரு, ஹிராட்சுகா என்ற ஊரில் தன் வீட்டில் பிள்ளைகளைத் தங்கவைத்து வளர்த்தார். சோ சிக்குன் 1962-ல் கொரியாவிலிருந்து கிதானியிடம் வந்தபோது வயது ஆறு. 1983-ல் ஜப்பானின் பெரிய பட்டங்களான கிசெய், மெய்ஜின், ஹோனின்போ மூன்றும் ஒரே நேரத்தில் அவர் கையில் இருந்தது. ஓத்தாகே, காத்தோ, இஷிதா, தாக்கேமியா, கோபயாஷி கோய்ச்சி எல்லோரும் அதே வீட்டுப் பிள்ளைகள். அத்தனை பேரையும் கூட நின்று வளர்த்தவர் கிதானியின் மனைவி மிஹாரு.

கொரியாவிலும் அதுதான் கதை. அங்கே பெரிய ஆட்டக்காரரான சோ ஹுன்ஹியுன் தன் வீட்டில் லீ சாங்ஹோ என்ற சிறுவனைத் தங்கவைத்துச் சொல்லிக் கொடுத்தார். 1990-ல் பதினாலு வயதில் அந்தப் பையன் குருவிடமிருந்தே ஒரு பட்டத்தைப் பறித்தான். ஜெயித்தவனும் தோற்றவரும் ஒரே வீட்டில். அன்றைக்கு அந்த வீட்டுக் கதவைத் திறந்தவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

இதை அம்மாவிடம் சொன்னேன். ‘அந்த அம்மாவுக்கு ஆடத் தெரியுமா?’ என்று கேட்டார். மிஹாருவைத்தான் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் அம்மா சொன்னார்: ‘ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லித் தர்றே. எனக்கு ஒரு நாளாவது தெரியுமான்னு கேட்டியா?’

கேட்டதில்லை. பன்னிரண்டு வருடமாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

பிப்ரவரி 20

பயணத்தில் எந்த இடம் மனதில் நின்றது என்று கேட்டால் டோக்கியோவும் இல்லை, சியோலும் இல்லை. இன்னோஷிமா. ஜப்பானின் பெரிய தீவுகளான ஹோன்ஷூவையும் ஷிகோகுவையும் பாலங்களால் இணைக்கும் பாதையில் ஒரு சின்னத் தீவு. அந்தக் காலத்தின் பெரிய கோ ஆட்டக்காரர் ஹோனின்போ ஷூசாக்கு 1829-ல் பிறந்தது அங்கேதான். அவருக்கு ஒரு நினைவகம் இருக்கிறது. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அம்மாவிடம்தான் முதலில் கோ பழகினார் என்று அங்கே சொல்கிறார்கள். 33 வயதில் காலரா நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்தவர் தானும் அதே நோயில் போனார்.

அவர் 1846-ல் மூத்த ஆட்டக்காரர் இனொவே கென்னன் இன்செக்கியோடு ஆடிய ஆட்டம் எல்லோருக்கும் தெரிந்தது. 127-வது கல்லை ஷூசாக்கு வைத்ததும், ஆட்டம் அவ்வளவாகத் தெரியாத ஒரு வைத்தியர், கென்னன் தோற்கப்போகிறார் என்றாராம். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, கென்னனின் காது சிவந்துவிட்டது, மனசு கலங்கிவிட்டது என்றாராம். இந்தக் கதையைச் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒன்பது குழந்தைகளும் பலகையைப் பார்ப்பதைவிட எதிராளியின் காதைத்தான் பார்க்கிறார்கள்.

அங்கிருந்து ஹிரோஷிமா போனேன். 1945 ஆகஸ்ட் 6 காலையில் ஹோனின்போ பட்டப் போட்டியின் இரண்டாம் ஆட்டம் மூன்றாம் நாளாக நடந்துகொண்டிருந்தது. ஆடியவர்கள் ஹாஷிமோத்தோ உத்தாரோவும் இவாமோத்தோ கவோருவும். குண்டு விழுந்த அதிர்ச்சியில் கற்கள் சிதறின, ஜன்னல் கண்ணாடி உடைந்தது. அறையை ஒழுங்குபடுத்தி, கற்களை மறுபடி அடுக்கி, அன்றைக்கே ஆட்டத்தை முடித்தார்கள். வெள்ளை ஐந்து புள்ளியில் ஜெயித்தது. முதலில் கேட்டபோது இது எனக்குப் புரியவே இல்லை. வெளியே நடந்தது என்னவென்று இன்னும் முழுதாகத் தெரியாத நேரம் அது, கையிலிருந்த ஒரே தெரிந்த வேலையைச் செய்தார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

பிப்ரவரி 21

‘ஹிரோஷிமாவில் ஆடியிருந்தால் எப்படி உயிரோடு இருந்தார்கள்?’ நியாயமான கேள்வி, நான் அவசரத்தில் விட்டுவிட்டேன். முதல் ஆட்டம்தான் நகருக்குள் நடந்தது. விமானத் தாக்குதல் அபாயம் என்று காவல் துறை எச்சரித்ததால் இரண்டாவதை நகருக்கு வெளியே இத்சுகாய்ச்சிக்கு மாற்றினார்கள். அதனால் பிழைத்தார்கள். போட்டிக்கு ஏற்பாடு செய்தவர் செகோயே கென்சாக்கு. சோ ஹுன்ஹியுன் சிறுவனாக ஜப்பான் போனபோது தங்கிக் கற்றது அதே செகோயேயின் வீட்டில்தான். அந்த வீட்டில் கற்றதைத்தான் அவர் தன் வீட்டில் லீ சாங்ஹோவுக்குச் செய்தார்.

இவாமோத்தோவைப் பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் கேள்வியே பயணத்தைப் பற்றித்தான். 1929-ல் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்து காப்பித் தோட்டம் போட்டுப் பார்த்து, இரண்டு வருடத்தில் திரும்பியவர் அவர். பின்னாளில் தன் கோ கூடத்தை விற்ற பணத்தை வெளிநாடுகளில் கோ மையம் அமைக்கக் கொடுத்தார். சாவோ பாவ்லோ, ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டல்வேன், நியூயார்க், சியாட்டில் ஆகிய நான்கு இடத்திலும் அவர் பணத்தில் மையங்கள் வந்தன. ஆம்ஸ்டல்வேன் மையம் திறந்தது 1992-ல்.

பிப்ரவரி 25

பணம், வீடு இரண்டையும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இணைய வகுப்பில் சேர்த்துவைத்துத்தான் போனேன். ஒருமுறை ஒரு வெளிநாட்டுப் பயிற்சி நிறுவனம் என்னை அழைத்து, தேதி உறுதி செய்து, நான் பயணச்சீட்டு எடுத்தபிறகு நிகழ்ச்சியைத் தள்ளிவைத்தது. சீட்டுப் பணம் போனது போனதுதான். இப்போது எழுத்தில் உறுதி வராமல் ஒரு அடி எடுத்துவைப்பதில்லை, நீங்களும் வைக்காதீர்கள்.

அதைவிடக் கனமானது வேறு. சியோலில் இருந்த வாரம் மகனுக்குக் காய்ச்சல். அம்மா என்னிடம் சொல்லவில்லை, சொன்னால் ஓடி வந்துவிடுவேன் என்று. பயணம் நல்லது என்று நான் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் வீட்டில் ஒரு ஆள் விழித்திருக்கிறார். இதை முதல் பதிலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

மார்ச் 1

2019-ல் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய கோ மாநாடு. 1957-லிருந்து அநேகமாக வருடா வருடம் ஒவ்வொரு ஊரில் நடப்பது, கோடையில் இரண்டு வாரம். முக்கியப் போட்டி பத்துச் சுற்று, நாளுக்கு ஒன்று. ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவரும் தோற்றவரும் சேர்ந்து எழுந்து பக்கத்துக் கூடத்துக்குப் போய், அதே ஆட்டத்தை முதலிலிருந்து வைத்துப் பார்ப்பார்கள். பத்து வயதுச் சிறுமி தாத்தா வயதுக்காரரிடம், ‘இங்கே நீங்கள் பயந்துவிட்டீர்கள்’ என்று சொன்னதைக் கேட்டேன். அவர் ‘ஆமாம்’ என்றார்.

அதை மட்டும் நான் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தேன், அது வீட்டில் அப்படியே முளைத்தது. இப்போது எங்கள் பிள்ளைகள் தோற்றதும் அழுவதற்கு முன் ‘வா, பார்க்கலாம்’ என்கிறார்கள். சிலர் அழுதுகொண்டே பார்க்கிறார்கள்.

ஓரத்தில் நின்று வழி சொல்கிறவர்களை என்ன செய்வது என்று கேட்ட நண்பருக்கு: ஜப்பானியக் கோ மேஜையின் கால்கள் குச்சினாஷி என்ற காயின் வடிவில் இருக்கும். அந்தச் சொல்லை ‘வாய் இல்லை’ என்றும் கேட்கலாம். பார்ப்பவர் பேசக் கூடாது என்பதற்குத்தான் அந்த வடிவம் என்பார்கள். எங்கள் மேஜைக்கு அந்தக் கால் இல்லை, அதனால் அம்மா இருக்கிறார்.

மார்ச் 2

முதல் கேள்வி கேட்டவருக்கு. மகளை அனுப்புவது பற்றி: பலம் கூட வேண்டும் என்று அனுப்பாதீர்கள். தன்னைவிடச் சின்னவரிடமும் தன்னைவிட மூத்தவரிடமும் நேருக்கு நேர் தோற்று, கூட உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்க்கும் நாள் அவளுக்குக் கிடைக்கும் என்றால் அனுப்புங்கள். பக்கத்து ஊரில் அது கிடைத்தால் பக்கத்து ஊரே போதும். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள், ஒன்பது கோட்டுப் பலகையில் நீங்களும் நாலு ஆட்டம் ஆடுங்கள்.

மார்ச் 8

அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. ஜப்பானியத் தொழில்முறை ஆட்டக்காரர் யாசுதா யாசுதோஷி 9 டான் குழந்தைகளிடமும் முதியோர் இல்லங்களிலும் கொண்டுசென்ற முறைதான்: 9 கோட்டுப் பலகை, இடம் வளைக்கும் கணக்கெல்லாம் கிடையாது, யார் முதலில் ஒரு கல்லைப் பிடிக்கிறாரோ அவர் ஜெயித்தார். அம்மாவுக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபட்டது. பன்னிரண்டு வருடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாரே. போன வாரம் முழு விதிக்கு மாறினோம்.

என் விரல் மட்டும் பழைய விரல்தான். முதல் இரண்டு நாள் அம்மா தப்பாக வைத்ததும் சரியான இடத்துக்கு ஓடியது. இரண்டாம் நாள் அம்மா அதைப் பிடித்து மேஜை ஓரத்தில் வைத்துவிட்டார். நான் டோக்கியோ போய்க் கற்றதை அவர் நாற்காலியிலிருந்து எழாமல் சொல்லிவிட்டார்.

நேற்று இரவு அம்மா கறுப்பு, நான் வெள்ளை, மகன் நடுவர். மூலையில் என் மூன்று கல்லைச் சுற்றி அம்மா வளைத்துக்கொண்டே வந்தார். நான் வேறு பக்கம் பார்த்து ஆடிக்கொண்டிருந்தேன். ஒரு கல்லுக்கு அம்மா ரொம்ப நேரம் எடுத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கல்லை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளிப் புள்ளியில் சரியாக உட்காரவைத்தார். என் கூட்டத்துக்கு ஒரு மூச்சுதான் மிச்சம்.

‘பாட்டி, அட்டாரின்னு சொல்லணும்’ என்றான் மகன். புதிதாகக் கற்பவர்கள் சொல்வது வழக்கம்.

‘எதுக்குச் சொல்லணும்? உங்கம்மாவுக்குக் கண்ணு இல்லையா?’ என்றார் அம்மா.

பலகையைப் பார்த்தேன். ஒரு கண்கூட இல்லை.